ஒரு பென்னியால் எழுந்த வழக்கு

சிறை என்றவுடன் உயர்ந்த மதிலும் இரும்புக் கம்பியும் நம் நினைவுக்கு வருகின்றன. சட்டநூலார் கூறும் சிறைவைப்புக்கு இவை வேண்டுவதில்லை. சட்டத்தின் துணையின்றி, ஒருவர் எப்பக்கமும் செல்ல இயலாதவாறு மற்றொருவர் தடுத்து நிறுத்துவாராயின், அவ்விடம் திறந்த வெளியாயினும் சிறையே ஆகும். ‘எப்பக்கமும்’ என்னும் சொல்லை மாணவர்கள் நன்கு மனத்திற் கொள்ள வேண்டும். இலண்டனிலுள்ள ஹாமர்ஸ்மித் பாலத்தின் ஒரு பகுதியைப் படகுப் போட்டி காண்போருக்காக அடைத்திருந்தனர். அவ்வழியே செல்ல முயன்ற ஒருவரைக் காவலர் முன்னே விடவில்லை. வந்த வழியே திரும்பலாம் என்றனர். திரும்ப வழியிருந்தமையால் அது சிறைவைப்பு அன்று என 1845-ஆம் ஆண்டில் நீதிபதிகளுள் பெரும்பாலோர் தீர்ப்புக் கூறினர். தலைமை நீதிபதி டென்மன் பிரபு மட்டும் அதற்கு உடன்படவில்லை.

இதனினும் வியப்பானது ஆஸ்திரேலியாவில் நிகழ்ந்த வழக்கு. சிட்னி நகரிலிருந்து பால்மெயின் என்னும் பகுதிக்கு ஒரு குழுமத்தார் நீராவிப் படகு விட்டு வந்தனர். கட்டணம் ஒரு பென்னி. அதனைச் சிட்னித் துறையில் மட்டுமே வாங்கினர். புறப்படுவோர் உள்ளே நுழையும்போதும், அக்கரையிலிருந்து வந்தோர் வெளியேறும்போதும் செலுத்துவர். பயணம் செய்யினும் செய்யாவிடினும் நுழைவோரும் வெளியேறுவோரும் ஒரு பென்னி கொடுத்தல் வேண்டும் என்று ஓர் அறிவிப்புப் பலகையும் அங்கே இருந்தது.

1905-ஆம் ஆண்டு ஜூன் 5-ஆம் நாள் இராபர்ட்சன் என்னும் வழக்கறிஞர் ஒரு பென்னி கொடுத்து உள்ளே சென்றார். அடுத்த படகு வர இருபது நிமிடம் ஆகும் என்று அறிந்தார். காத்திருக்க மனமின்றித் திரும்பினார். வெளியேற இன்னொரு பென்னி கேட்டனர். அவர் மறுத்தார். சுழற்கதவுக்கும் சுவருக்கும் இடையே எட்டரை அங்குல அகலமுள்ள சந்து ஒன்று இருந்தது. அதில் உடலை நுழைக்க முயன்றவரைப் பணியாளர் இருவர் சிறிது நேரம் வலிந்து தடுத்தனர். அவர் குழுமத்தின்மேல் வழக்குத் தொடுத்தார். ஜூரிமார் அவருக்கு 100 பவுன் நட்டஈடு வழங்கினர். அந்நாளைக் கணக்கில் அது 24,000 பென்னி!

ஆனால் வெற்றி நிலைக்கவில்லை. 1906-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய உயர்நீதிமன்றம் குழுமத்தின் பக்கம் தீர்த்தது. வழக்கு கடல்கடந்து இலண்டன் பிரிவி கவுன்சிலுக்குச் சென்றது. அங்கும் அவர் தோற்றார். படகில் ஏறி வெளியேறுவதாக உடன்பட்டு நுழைந்தவருக்கு வேறு வழியைக் கட்டணமின்றித் திறந்துவிடும் கடமை எவருக்கும் இல்லை. ஒரு பென்னி கேட்டது நியாயமே என்பது அவர்கள் கருத்து.

கடன் கொடாதவனைக் கடன்காரன் பிடித்து வைத்துக்கொள்ளச் சட்டம் இடந்தருவதில்லை. வழக்காடியே பெறுதல் வேண்டும். அங்ஙனமிருக்க, ஒரு பென்னிக்காக ஒருவரைத் தடுக்கலாமோ? ஓடும் புகைவண்டியை நடுவழியில் நிறுத்துக எனப் பயணி கேட்பது முறையன்று. பிறர்க்கு அதனால் இடையூறு உண்டு. சுழற்கதவு ஒருமுறை சுழல்வதால் யாருக்கு என்ன இடர்? இத்தீர்ப்பு மனித உரிமையினும் ஒப்பந்தத்தைப் பெரிதாக மதித்துவிட்டது என்றே நமக்குத் தோன்றுகிறது.

அத்தீர்ப்பின் நிழல் ஒரு சுரங்கத்திலும் விழுந்தது. 1911-ஆம் ஆண்டு மே 30-ஆம் நாள் இங்கிலாந்தில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் ஒருவர், தமக்கிட்ட பணி ஆபத்தானது என்று கூறி அதனைச் செய்ய மறுத்தார். தம்மை மேலே ஏற்றிவிடுமாறு வேண்டினார். தூக்குக்கூண்டு கீழே வந்து நின்றபோதும், ஏறக்குறைய இருபது நிமிடம் அவரை அதில் ஏற விடவில்லை. பால்மெயின் வழக்கையும் எடுத்துக்காட்டிப் பிரபுக்கள் சபை, இது சிறைவைப்பு அன்று என 1914-ஆம் ஆண்டில் தீர்த்தது. இராபர்ட்சனுக்கேனும் ஒரு பென்னி கொடுத்து வெளியேறும் வழி இருந்தது. பூமிக்கடியில் நின்ற அத்தொழிலாளருக்கு அதுவும் இல்லை.