சொல்லின் திரை

"கடுங்காவல்" என்றதும் நம் மனக்கண்முன் நீதியின் கண்டிப்புத் தோன்றுகிறது, செக்கு தோன்றுவதில்லை. கோயமுத்தூர்ச் சிறையில் வ. உ. சிதம்பரம் பிள்ளை மாடுபோலச் செக்கிழுத்த கொடுமையை அவ்வொரு சொல் மூடிவிட்டது.

1908-ல் அவருக்கு 40 ஆண்டுத் தீவாந்தர தண்டனை விதித்தபோது சாட்டிய குற்றம் "ராஜத்துவேஷம்". சுதேசிக் கப்பல் விட்டவர், ஆலைத் தொழிலாளருக்காக வாதாடியவர் என்று சொன்னால் ஜனங்கள் கைகூப்புவர். துவேஷி என்றால் அஞ்சி விலகுவர். சர்க்காருக்கு வேண்டியது அந்த விலகல்தான்.

அந்நியர் போயினர், வித்தை போகவில்லை. 1975-ல் நெருக்கடி நிலையின்போது பலரை விசாரணையின்றிச் சிறையிட்டு, பத்திரிகைகளின் வாயைக் கட்டிய நம்மவரும் அதற்குக் "கட்டுப்பாடு" என்றே பெயரிட்டனர்.

மேடையில் இனிய சொல்லொன்று கேட்கும்போதெல்லாம், அதன் பின்னே செக்கிழுப்பவர் யார் என்று நாம் விசாரிப்போமாக.