உஷார்! பேருக்கு டைரக்டரா? வரிப் பாக்கி உங்கள் வீட்டுக்கும் வரும்

சோமனூர், கருமத்தம்பட்டிப் பக்கம் ஜவுளித் தொழிலை பிரைவேட் லிமிடெட் ஆக்கிய குடும்பங்களே, கவனம்! கம்பெனியின் ஜிஎஸ்டி பாக்கியைக் கம்பெனியிடம் வசூலிக்க முடியாமல் போனால், அந்தக் காலத்தில் டைரக்டராக இருந்த ஒவ்வொருவரிடமும் வசூலிக்க ஜிஎஸ்டி சட்டத்தின் 89-ஆவது பிரிவு இடம் தருகிறது. பேருக்குக் கையெழுத்துப் போட்ட அம்மாவும் மனைவியும்கூடத் தப்ப முடியாது. தங்கள் பக்கம் பெரிய அலட்சியமோ கடமை தவறலோ இல்லை என்று அவர்கள்தான் நிரூபிக்க வேண்டும்.

"வரியெல்லாம் ஆடிட்டர் பாத்துக்குவாருங்க" என்ற பேச்சு வரித் துறையிடம் எடுபடாது. எல்லாச் சட்டங்களையும் பின்பற்ற முறையான ஏற்பாடு இருக்கிறது என்று ஆண்டுதோறும் போர்டு அறிக்கையில் எழுதிக் கொடுப்பது டைரக்டர்கள்தான். கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 134-ஐப் படித்துப் பாருங்கள்.

மாட்டிக்கொள்ளும் இடங்கள் இவை:

* பாவு நூல்: கூலித் தறிக்குப் போன நூல் 1 ஆண்டுக்குள் துணியாகத் திரும்ப வேண்டும், அல்லது தறியிடத்திலிருந்தே விற்பனையாக வேண்டும். இல்லையென்றால், அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கணக்கிட்டு வரியும் வட்டியும் கேட்பார்கள். சலான் இல்லாமல் ஒரு பீம்கூட வெளியே போகக் கூடாது. ஐடிசி-04 படிவத்தை மறக்காதீர்கள். விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டினால் அரையாண்டுக்கு ஒருமுறை, மற்றவர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை.

* நூல் பில்: விற்றவர் கணக்கில் காட்டாத பில்லுக்கு உங்களுக்கு உள்ளீட்டு வரி வரவு கிடையாது. 180 நாளுக்குள் நீங்கள் பணம் கொடுக்காவிட்டாலும், எடுத்த வரவை வட்டியோடு திருப்ப வேண்டும்.

* தறிக் கூலி: உத்யம் பதிவுள்ள குறு, சிறு தறிக்காரருக்கு ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லையென்றால் 15 நாள். கெடு தாண்டி மார்ச் 31-லும் பாக்கி நின்றால், அந்த ஆண்டு வருமான வரிக் கணக்கில் அதைச் செலவாகக் கழிக்க முடியாது.

* நோட்டீஸ்: தபாலுக்குக் காத்திருக்காதீர்கள், ஜிஎஸ்டி இணையதளத்திலேயே ஏற்றிவிடுகிறார்கள். பதிவில் இருப்பது பழைய கணக்காளரின் மெயிலும் செல்போன் எண்ணும் என்றால் உத்தரவு வந்ததே தெரியாது. மேல்முறையீட்டுக்குக் கிடைப்பது 3 மாதம். தக்க காரணம் காட்டினால் இன்னும் 1 மாதம், அவ்வளவுதான்.

போர்டு கூட்டத்தில் நூல் விலை, கூலி பேசுவதுபோல வரிப் பாக்கி, நோட்டீஸ், திரும்பாத பாவு மூன்றையும் பேசி மினிட்ஸில் எழுதுங்கள். நாளைக்கு நீங்கள் அலட்சியமாக இல்லை என்பதற்கு அந்த மினிட்ஸ்தான் சாட்சி. இன்றைக்கே ஜிஎஸ்டி தளத்தில் நுழைந்து, பதிவிலுள்ள மெயிலும் எண்ணும் யாருடையவை என்று பாருங்கள்.