டங்ஸ்டன் கார்பைடு தூள்: சட்டத்தின் பட்டியலில் உண்டு, மருத்துவச் சீட்டில் இல்லை

2024 நவம்பரில் மதுரை மாவட்டம் மேலூர் அருகேயுள்ள நாயக்கர்பட்டி சுரங்க ஏல முடிவு அறிவிக்கப்பட்டபோதுதான் 'டங்ஸ்டன்' என்ற சொல் தமிழ்நாட்டின் தெருக்களுக்கு வந்தது. அரிட்டாபட்டி உள்ளிட்ட ஊர்களின் மக்கள் உறுதியாக நின்றனர். 2025 ஜனவரி 23 அன்று ஒன்றிய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்தது. மலை காக்கப்பட்டது. ஆனால் வேறெங்கோ வெட்டியெடுக்கப்பட்ட டங்ஸ்டன், தூளாகவும் கருவியாகவும் நம் தொழிலாளர்களின் கைகளுக்கு நாள்தோறும் வந்துகொண்டுதான் இருக்கிறது. அது உடலுக்குள் என்ன செய்கிறது, அதற்குச் சட்டம் யாரைப் பொறுப்பாக்குகிறது என்பதை இங்கே விளக்க விரும்புகிறோம்.

திருவண்ணாமலை வட்டாரத்தில் ஓடும் போர்வெல் வண்டியின் பிட், கல்குவாரியில் பாறையைத் துளைக்கும் கம்பி, லேத் பட்டறையின் வெட்டுமுனை ஆகியவற்றில் பதிக்கப்படுவது 'கடின உலோகம்' எனப்படும் கலவைப் பொருள். 1923இல் ஜெர்மனியில் கார்ல் ஷ்ரோட்டர் இதற்குக் காப்புரிமை கோரினார். பின்னர் குரூப் நிறுவனம் 'வைரம் போன்றது' என்ற பொருளில் 'விடியா' எனப் பெயரிட்டு விற்றது. இதில் டங்ஸ்டன் கார்பைடு மணிகள் கடினத்தைத் தருகின்றன. கோபால்ட் அவற்றைப் பசைபோல் பிணைத்து, அடிதாங்கும் உறுதியைத் தருகிறது.

தூசி எங்கே எழுகிறது?

முதலில் டங்ஸ்டன் கார்பைடு தூளும் கோபால்ட் தூளும் உருளும் ஆலையில் சாராயம் போன்ற கரைப்பானுடன் சேர்த்து அரைக்கப்படுகின்றன. பிறகு கலவை மெழுகுடன் உலர்த்தப்பட்டு, அச்சில் அழுத்தப்பட்டு, ஏறத்தாழ 1,400 டிகிரி செல்சியஸ் உலையில் சுடப்படுகிறது. சுட்ட துண்டு இறுதியில் வைரச் சக்கரத்தில் தீட்டப்படுகிறது. தூளைக் கொட்டுதல், சலித்தல், அச்சில் நிரப்புதல், ஆலையைச் சுத்தம் செய்தல், தீட்டுதல் என ஒவ்வொரு படியிலும் தூசி எழும். தேய்ந்த முனைகளை மீண்டும் தீட்டும் சிறு பட்டறைகளிலும் இதே நிலைதான்.

டங்ஸ்டன் கார்பைடு இரும்பைப் போல இரு மடங்கு அடர்த்தி கொண்டது. ஒரு கன சென்டிமீட்டர் சுமார் 15.6 கிராம் எடையுள்ளது. 'இவ்வளவு கனமான தூள் கீழே படிந்துவிடும்' என்று நினைப்பது தவறு. ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே உள்ள துகள் காற்றில் நெடுநேரம் மிதக்கும். நுரையீரலின் ஆழம்வரை செல்லும்.

உடலில் நடப்பது

கோபால்ட் தனியாகவே ஆஸ்துமாவையும் தோல் ஒவ்வாமையையும் உண்டாக்கக்கூடியது. டங்ஸ்டன் கார்பைடோடு சேரும்போது அதன் நச்சுத்தன்மை கூடுகிறது. சிலருக்கு நுரையீரல் திசு தழும்பேறி இறுகுகிறது. இதுவே கடின உலோக நோய். 2006இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை இந்தச் சேர்க்கையை 'மனிதரில் புற்றுநோயை உண்டாக்க வாய்ப்புள்ளது' எனும் 2ஏ பிரிவில் வைத்தது. வறட்டு இருமல், மூச்சிரைப்பு, எடை குறைதல் ஆகியவை அறிகுறிகள். விடுமுறையில் குறைந்து வேலைக்குத் திரும்பியதும் கூடும் இருமல் முக்கியமான எச்சரிக்கை. தொடக்கத்திலேயே தூசியிலிருந்து விலகினால் பலர் தேற முடியும். தாமதித்தால் தழும்பு நிலைத்துவிடும். ஆனால் மருத்துவர் தொழிலைக் கேட்காதபோது, இதே அறிகுறிகள் காசநோயாகவோ பீடிப் பழக்கத்தின் விளைவாகவோ எழுதப்பட்டுவிடும்.

கையாளும் முறை

தூசி எழும் இடத்திலேயே அதை உறிஞ்சும் குழாய் வேண்டும். உலர்ந்த துடைப்பத்தால் பெருக்குவதும், காற்றுக் குழாயால் இயந்திரத்தையோ உடலையோ ஊதுவதும் கூடாது. நுண்துகள் வடிகட்டியுள்ள உறிஞ்சியோ ஈரத்துணியோ பயன்படுத்த வேண்டும். தீட்டும்போது ஊற்றும் குளிர்நீரில் கோபால்ட் கரைந்து சேரும் என்பதால் அதை அடிக்கடி மாற்ற வேண்டும். கைக்குட்டையும் துணி முகமூடியும் நுண்தூளைத் தடுக்காது. வேலை உடையைத் தொழிலாளியின் வீட்டுக்கு அனுப்பாமல் நிறுவனமே துவைக்க வேண்டும். கரைப்பானின் ஆவியும் உலர்ந்த கோபால்ட் நுண்தூளும் தீப்பற்றக்கூடியவை. பொறி, புகைபிடித்தல் எதற்கும் அங்கே இடமில்லை.

துடைப்பம் யார் கையில்?

சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டுமல்ல, வேலை செய்பவர்களைப் பிரித்து அடுக்கும் ஏற்பாடு என்று 1936இல் அண்ணல் அம்பேத்கர் எழுதினார். ஆலைக்குள்ளும் கட்டுப்பாட்டுப் பலகை ஒருவரிடம், துடைப்பமும் சல்லடையும் இன்னொருவரிடம் என்று பிரிவது தற்செயலல்ல. ஒப்பந்ததாரர் வழியாகச் சேரியிலிருந்து வரும் இளைஞருக்குப் பெருக்கும் வேலையும் கழுவும் வேலையும் தரப்படும்போது, அதிகத் தூசியும் குறைந்த ஆவணமும் ஒரே உடலின் மீது விழுகின்றன.

சட்டம் சொல்வது

1923ஆம் ஆண்டு தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை, 'சி' பகுதியில் கடின உலோகங்களால் வரும் மூச்சுக்குழல், நுரையீரல் நோய்கள் தெளிவாக இடம்பெற்றிருந்தன. 2025 நவம்பர் 21 முதல் நடப்புக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின் மூன்றாம் அட்டவணையும் தொழில்சார் நோய்களைப் பட்டியலிடுகிறது. குறித்த காலம் அந்த வேலையில் இருந்தவருக்கு வரும் நோய், வேலையில் நேர்ந்த விபத்தாகவே கருதப்படும். பல முதலாளிகளிடம் வேலை செய்திருந்தால் பொறுப்பை அவர்களிடையே பங்கிடலாம். ஒப்பந்ததாரரைக் காட்டி முதன்மை முதலாளி தப்ப முடியாது. இ.எஸ்.ஐ. காப்பீடு உள்ளவர் அங்கேயே உரிமை கோர வேண்டும்.

ஓட்டை வேறிடத்தில் இருக்கிறது. மின்விசையுடன் 10 பேர் இருந்தாலே தொழிற்சாலை என்ற பழைய வரையறையைப் புதிய பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 20 பேராக உயர்த்திவிட்டது. தீட்டும் பட்டறைகள் பல இதற்குக் கீழேதான் இருக்கும். அபாயகரமான வேலை நடக்கும் இடங்களை, ஆள் எண்ணிக்கை குறைவாயினும், அறிவிக்கை மூலம் சட்டத்துக்குள் கொண்டுவர அரசுக்கு அதிகாரம் உண்டு. கடின உலோகம் அரைக்கும், தீட்டும் இடங்களுக்கு அந்த அறிவிக்கையைத் தமிழ்நாடு அரசு வெளியிட வேண்டும் என்பது நமது கோரிக்கை.

அதுவரை தோழர்களும் மாணவர்களும் செய்யக்கூடியவை உண்டு. தூள் வரும் டப்பாவின் பெயர்ச்சீட்டைப் படம் எடுத்து வையுங்கள். பாதுகாப்புத் தரவுத் தாளைக் கேட்டு எழுத்தில் மனுக் கொடுங்கள். சம்பளச் சீட்டு, வருகைச் சான்று, இ.எஸ்.ஐ. எண் ஆகியவற்றைப் பாதுகாக்கச் சொல்லுங்கள். மருத்துவச் சீட்டில் தொழிலின் பெயரையும் கோபால்ட், டங்ஸ்டன் கார்பைடு என்ற சொற்களையும் மருத்துவரைக் கொண்டே எழுதவையுங்கள். அந்த இரண்டு சொற்கள் இல்லாத சீட்டை வைத்துக்கொண்டு இழப்பீட்டு வழக்கை நடத்துவது மிகக் கடினம்.