யூனிகார்னோட சொந்த ஊர் இந்தியாவாமே!

வாட்ஸ்அப் ஸ்டிக்கர், ஸ்கூல் பேக், பர்த்டே கேக்னு எங்கே பார்த்தாலும் ஒத்தைக் கொம்போட நிக்கிற யூனிகார்னை 'ஃபாரின் அயிட்டம்'னுதான் நினைச்சிருப்பீங்க. ஆனா, அதைப் பத்தி எழுதிவெச்ச பழைய கிரேக்கர் ஒருத்தர் அதுக்குக் கொடுத்த அட்ரஸ், இந்தியா!

சுமார் 2,400 வருஷத்துக்கு முன்னாடி பாரசீக அரசவையில மருத்துவரா இருந்தவர் க்டீசியஸ். இந்தியாவுல நெத்தியில ஒரு கொம்போட காட்டுக்கழுதைகள் இருக்கு, அந்தக் கொம்புல செஞ்ச கோப்பையில குடிச்சா விஷம் ஒண்ணும் பண்ணாதுன்னு எழுதினார். காண்டாமிருகத்தைப் பத்திக் கேள்விப்பட்டதுதான் இப்படி ஆகியிருக்கணும். ஆனா, ஐரோப்பிய ராஜாக்கள் நம்பிட்டாங்க. விஷபயத்துல 'யூனிகார்ன் கொம்பு'க்குக் கொட்டிக் கொடுத்தாங்க. அது நார்வால்ங்கிற வடகடல் திமிங்கிலத்தோட பல்லுன்னு 1638-ல டென்மார்க் மருத்துவர் ஓலே வோர்ம் போட்டு உடைச்சார்.

சரி, இந்த மிருகம் பெரிய ஸ்டார் ஆனது எங்கே தெரியுமா? துணியில. கி.பி. 1500 வாக்குல நெய்த 'சீமாட்டியும் யூனிகார்னும்' என்ற ஆறு திரைச்சீலைகள் பாரிஸ் க்ளூனி மியூசியத்துல இருக்கு. பிரின்ட் இல்லை, எம்பிராய்டரியும் இல்லை. பாவுக்குள்ள கலர் கலரா ஊடைநூலைக் கையால விட்டு, தறியிலேயே படத்தைக் கொண்டுவரணும். ஐந்து சீலை பார்வை, கேள்வி, மணம், சுவை, தொடுதல்னு ஐம்புலன்கள். ஆறாவதுல 'என் ஒரே ஆசைக்கு'ன்னு எழுதின கூடாரம். அது காதலா, துறவான்னு இன்னும் சண்டை ஓயலை.

நியூயார்க் க்ளாய்ஸ்டர்ஸ்ல இருக்கிற ஏழு சீலைகள் வேட்டைக் கதை. யாருக்கும் பிடிபடாத யூனிகார்ன், ஒரு கன்னிப்பெண் பக்கத்துல வந்தா சாதுவாகிடுமாம். அதனால சர்ச்சுக்காரங்க அதை இயேசுவாகவும், காதலர்கள் மாப்பிள்ளையாகவும் பார்த்தாங்க. ஒரு சீலையில வேலிக்குள்ள கட்டிப்போட்ட யூனிகார்ன் மேல சிவப்புத் துளிகள். ரத்தம் இல்லைங்க, மேலே தொங்குற மாதுளையோட சாறுன்னு சொல்றாங்க.

இந்தக் கதையை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கா? கம்பராமாயணத்துல வர்ற கலைக்கோட்டு முனிவர்! தலையில மான்கொம்போட, பெண் வாசமே தெரியாம காட்டுல வளர்ந்தவர். மழையில்லாத நாட்டுக்கு அவரைக் கூட்டிட்டு வந்தது பெண்கள்தான். பௌத்தக் கதைகள்ல அவர் பேரே ஏகசிருங்கர், அதாவது ஒற்றைக்கொம்பர். இந்தக் கதைதான் மேற்கே போச்சுன்னு சில ஆய்வாளர்கள் சொல்றாங்க. நிரூபணம் கிடையாது, ஆனா எனக்கு ரொம்பப் பிடிச்ச தியரி.

இன்னொரு சொந்தமும் இருக்கு. அந்தக் கால ஐரோப்பியத் தறிகள்ல சிவப்பு நூல்னா மஞ்சிட்டி இனத்து வேர்ச்சாயம்தான். நம்ம சோழமண்டலக் கரையில அதே வேலையைச் செஞ்சது மணல்ல வளர்ற சாயவேர். ரெண்டும் ஒரே தாவரக் குடும்பம், சிவப்பைக் கொடுக்குற அலிசாரின் ரெண்டுலயும் இருக்கு. துணி வாங்கத்தான் கிழக்கிந்திய கம்பெனி இங்கே கோட்டையே கட்டுச்சு. துணி வெளுத்த இடம் வண்ணாரப்பேட்டை. 1717-ல கவர்னரான ஜோசப் காலெட், திருவொற்றியூர்ல நெசவாளர்களைக் குடியேத்தின ஊர் காலெட் பேட்டை. அதுதான் இன்னிக்கு மெட்ரோ போர்டுல நீங்க படிக்கிற காலடிப்பேட்டை.

பாரிஸ் சீலைகள்லயும் காசு கொடுத்த லெ விஸ்த் குடும்பத்தோட மூணு பிறைச் சின்னம் கொடிக்குக் கொடி பறக்குது. நெய்தவங்க பேரு ஒண்ணுலயும் இல்லை.