தேய்ந்து முடியும் சிம்பொனி

சிம்பொனி என்றால் முழங்கித்தான் முடிய வேண்டும் என்பது ஐரோப்பிய ரசிகர்களின் நெடுநாள் எதிர்பார்ப்பு. ரஷ்ய இசைமேதை சைக்கோவ்ஸ்கி தமது 6ஆவது சிம்பொனியில் அதைத் தலைகீழாக்கினார்.

மூன்றாவது பகுதி ராணுவ அணிவகுப்புபோல எழும்பி, முரசும் ட்ரம்பெட்டும் அதிர உச்சத்தில் நிற்கும். முடிந்துவிட்டது என்று நினைத்து இன்றும் பலர் கைதட்டிவிடுவார்கள். அதன்பிறகுதான் சோகம் ததும்பும் நான்காவது பகுதி. கடைசியில் செல்லோவும் டபுள் பாஸும் மட்டும் மெல்லத் தேய்ந்து அடங்கும்.

1893 அக்டோபர் 28 அன்று செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் அவரே நடத்திய அரங்கேற்றத்தில் கைதட்டல் இருந்தது, கூடவே குழப்பமும். பிடிக்காமல் இல்லை, திகைத்துவிட்டார்கள் என்ற பொருளில் பதிப்பாளருக்குக் கடிதம் எழுதினார்.

ஒன்பதே நாளில் சைக்கோவ்ஸ்கி காலமானார். நவம்பர் 18 அன்று இசை நடத்துநர் நாப்ராவ்னிக் தலைமையில், அதே சிம்பொனி அதே நகரில் மீண்டும் ஒலித்தபோது ரசிகர்கள் உருகிப்போனார்கள்.