அபாய மணியும் மின் இரைச்சலும்

பனியன் தொழிலால் பெயர் பெற்ற திருப்பூரைச் சேர்ந்த எங்கள் வேலம்பாளையத்தில் இயந்திர ஓசை எவருக்கும் புதிதன்று. நிட்டிங் மெஷின்கள் வரிசையாக ஓடும் இடத்தில் ஒருவர் வாய்விட்டுக் கத்தினாலும் அடுத்த வரிசைக்குக் கேட்பதில்லை. ஆகவேதான் பெரிய கம்பெனிகளில் ஒலிபெருக்கியும் அபாய மணியும் வைத்திருக்கிறார்கள். நூலும் துணியும் குவிந்து கிடக்கும் கட்டடத்தில் தீப்பொறி ஒன்று விழுந்தால், மேல்மாடியில் இருப்பவர்களுக்கு அதை அறிவிக்க வேறு வழி ஏது?

இக்கருவிகளுக்கு ஒரு பகை உண்டு. அதுவே மின் இரைச்சல். நம் காதில் விழும் மெஷின் சத்தத்தை நான் சொல்லவில்லை. ஒயருக்குள் கள்ளத்தனமாகப் புகுந்துகொள்ளும் வேண்டாத மின்சாரத்தைச் சொல்கிறேன். இப்பகுதிக் கம்பெனி ஒன்றில் மைக்கைத் திறந்தாலே முதலில் 'ம்ம்ம்' என்ற உறுமல்தான் வருமாம். மோட்டாரை நிறுத்தும்போது அபாய மணி தானாக அடித்து ஓயுமாம். "மணி அடித்தால் யாரும் தலை நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை" என்றார் அங்கே வேலை செய்யும் என் அத்தை. உறுமலைவிட இதுதான் எனக்கு அச்சமூட்டியது.

2012 நவம்பர் 24 அன்று வங்காளதேசத்தில் டாக்கா நகருக்கு அருகிலுள்ள டாஸ்ரீன் ஆடைத் தொழிற்சாலையில் தீப்பிடித்தபோது மணி அடிக்கத்தான் செய்தது. ஆனால் வேலையைத் தொடருமாறு மேற்பார்வையாளர்கள் கூறிவிட்டதாக உயிர் பிழைத்தவர்கள் தெரிவித்தனர். நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அங்கே குறை மனிதருடையது, ஒயருடையது அன்று. ஆயினும் பொய்யாக அடித்துப் பழகிய மணியும் மனிதரை அதே நிலைக்குத்தான் கொண்டுவந்து விடுகிறது.

இரைச்சல் எப்படிப் புகுகிறது? 1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டலே காரணம். மோட்டாருக்குச் செல்லும் 415 வோல்ட் மும்முனை மின்சாரம் வினாடிக்கு 50 முறை அலைவுறுகிறது. அதன் காந்தப்புலம் பக்கத்து ஒயரிலும் மின்னழுத்தத்தைத் தூண்டுகிறது. மைக்கிலிருந்து வருவதோ ஒரு வோல்ட்டின் ஆயிரத்தில் சில பங்கே! எது பேச்சு, எது இரைச்சல் என்று ஆம்ப்ளிஃபயருக்குத் தெரியாது. இரண்டையும் சேர்த்தே பெருக்கிவிடும். மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இன்வெர்ட்டர்கள் வினாடிக்கு ஆயிரக்கணக்கான முறை மின்சாரத்தை விட்டுவிட்டுச் செலுத்துவதால் கிரீச்சென்ற ஓசையும் சேர்ந்துகொள்கிறது.

இதற்கான மருந்து நம் ஊருக்குப் பழக்கமானதே. இரட்டை இழை நூலை முறுக்குகிறோம் அல்லவா? அதுபோல இரண்டு ஒயர்களை ஒன்றோடொன்று முறுக்கிவிட்டால், ஒரு முறுக்கில் தூண்டப்படுவதை அடுத்த முறுக்கு எதிர்த்திசையில் தூண்டி அழித்துவிடும். தொலைபேசி தந்த கிரகாம் பெல் 1881-இலேயே இதற்குக் காப்புரிமை பெற்றார். அதன்மேல் உலோக வலை போர்த்திய ஒயர் இன்னும் நல்லது. வலையைப் பெரும்பாலும் ஒரு முனையில் மட்டும் எர்த் செய்வார்கள். இரு முனைகளிலும் செய்தால் இரண்டு எர்த்துகளுக்கிடையே மின்சாரம் ஓடி, அதுவே உறுமலாகிவிடக்கூடும்.

மைக் ஒயரையும் மோட்டார் ஒயரையும் ஒரே குழாயில் இழுப்பதுதான் நம்மவர் செய்யும் பெருந்தவறு. ஓர் அடியாவது தள்ளிச் செல்ல வேண்டும். குறுக்கிட நேர்ந்தால் செங்கோணத்தில் கடக்க வேண்டும். பொய் மணிக்குக் காரணம் பெரும்பாலும் மோட்டாரை நிறுத்துகையில் கான்டாக்டர் சுருளில் எழும் மின்னதிர்ச்சி. சுருளின் குறுக்கே மின்தடையும் மின்தேக்கியும் சேர்த்துப் பொருத்தினால் அது தணியும். சமிக்ஞை சற்று நேரம் நிலைத்தால் மட்டுமே ஒலிக்கும்படி மணியை அமைப்பதும் உண்டு.

சிலர் உறுமலைப் போக்க ஆம்ப்ளிஃபயர் பிளக்கின் எர்த் முனையை ஒடித்துவிடுகிறார்கள். உறுமல் போகலாம். ஆனால் உள்ளே மின்கசிவு ஏற்பட்டால், மைக்கைத் தொடும் கையே எர்த் ஆகிவிடும்! அதைவிட, மைக் ஒயரைக் கழற்றிப் பார்க்கலாம். உறுமல் நின்றால் அது அவ்வழியாக வந்தது என்று பொருள். பிறகு மோட்டார்களை ஒவ்வொன்றாக நிறுத்தினால் எது குற்றவாளி என்று தெரிந்துவிடும். இச்சோதனையை விடுமுறை நாளில், மெஷின்கள் ஓய்ந்திருக்கையில் செய்து பயனில்லை; எல்லா மெஷின்களும் ஓடும் முழு ஷிப்டில்தான் செய்ய வேண்டும்.