பழம், பார்சல், பென்சில்... சிலர் ஏன் தினமும் பாக்கெட்டில் கத்தி வைத்திருக்கிறார்கள்?

கத்தி என்றதும் நமக்கு முதலில் ஞாபகம் வருவது சினிமா ரவுடியோ, க்ரைம் செய்தியோதான். ஆனால், பிரான்ஸின் மலைக்கிராமங்களிலும், ஜப்பானின் வகுப்பறைகளிலும், அமெரிக்காவின் பண்ணைகளிலும் வேறொரு கத்தி புழங்கிவந்தது. உள்ளங்கைக்குள் அடங்கும். மடக்கினால் பாக்கெட்டில் போட்டுக்கொள்ளலாம். ரொட்டி நறுக்க, கயிறு அறுக்க, பழம் தோல் சீவ, பென்சில் கூர் தீட்ட என்று நாளெல்லாம் வேலை செய்யும். நம்ம ஊர் பழைய தலைமுறை இதைப் ‘பேனாக் கத்தி’ என்று சொல்லும். இறகுப் பேனாவின் முனையைச் சீவ ஐரோப்பியர்கள் வைத்திருந்த சின்னக் கத்தியின் பெயர் அப்படியே தமிழுக்கு வந்துவிட்டது.

இன்று பென்சிலுக்கு ஷார்ப்னர் இருக்கிறது. பழம் நறுக்கியே டப்பாவில் கிடைக்கிறது. பார்சலை வீட்டுச் சாவியால் கிழித்துவிடுகிறோம். அப்படியும் உலகம் முழுக்க ஒரு கூட்டம் இந்தப் பழைய பாணிக் கத்திகளைத் தேடித்தேடி வாங்குகிறது, சேர்த்துவைக்கிறது, காலையில் கிளம்பும்போது அதில் ஒன்றை எடுத்துக்கொள்கிறது. அதில் அப்படி என்ன சுகம்? சட்டங்களும் பாதுகாப்புச் சோதனைகளும் இறுகிவரும் காலத்தில் இந்தப் பழக்கம் தாக்குப்பிடிக்குமா?

பாரம்பரிய பாக்கெட் கத்தி என்றால் என்ன?

பட்டனை அழுத்தினால் சடாரென்று திறக்கும் கத்தி இந்த வகையில் வராது. இதைப் பெரும்பாலும் இரண்டு கையால்தான் திறக்க வேண்டும். அலகின் பக்கவாட்டில் நகத்தை நுழைக்க ஒரு சின்னப் பள்ளம் இருக்கும். நகத்தால் இழுத்தால் அலகு வெளியே வரும்.

இவற்றில் அதிகம் புழங்கியது ‘ஸ்லிப்ஜாயின்ட்’ எனப்படும் வகை. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்துக் கொல்லர்கள் உலகம் முழுக்கக் கொண்டுசேர்த்த வடிவம் இது. கைப்பிடியின் முதுகுப் பக்கத்தில் ஒரு எஃகு ஸ்பிரிங் இருக்கும். அது அலகின் அடிப்பகுதியை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். அவ்வளவுதான், பூட்டு எதுவும் கிடையாது. கொஞ்சம் அழுத்தினால் அலகு மடங்கிவிடும்.

இந்தச் சின்ன விஷயத்தில்தான் கத்தியின் குணமே இருக்கிறது. இது நறுக்க, சீவ, அறுக்க ஏற்றது. குத்த ஏற்றதல்ல. குத்தினால் அலகு மடங்கி, பிடித்திருப்பவரின் விரலையே பதம் பார்க்கும்.

சவோய் முதல் மிகி வரை

ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில், பிரான்ஸின் சவோய் பகுதியில் ஜோசப் ஒப்பினெல் என்ற இளைஞர் 1890-ல் ஒரு கத்தியை வடிவமைத்தார். அப்போது அவருக்கு வயது 18. அப்பா கோடரியும் பண்ணைக் கருவிகளும் அடிக்கும் கொல்லர். மகன் செய்தது மரப்பிடி போட்ட எளிய மடக்குக் கத்தி. 1897-ல் அது 1 முதல் 12 வரை எண் போட்ட 12 அளவுகளில் வந்தது. 1955-ல் அலகு தானாக மடங்காமலிருக்க, திருகிப் பூட்டும் உலோக வளையம் ஒன்று சேர்க்கப்பட்டது. அலகு, பிடி, ஆணி, பட்டை, வளையம் என இன்றும் மொத்தம் ஐந்தே பாகங்கள்தான்.

பிரான்ஸின் இன்னொரு புகழ்பெற்ற கத்தி, அவேரோன் பகுதியின் லயோல் கிராமத்தில் பிறந்தது. 1829-ல் பியர் ழான் கல்மெல் என்பவர் அங்கே தொழில் தொடங்கினார். கால்நடை வளர்க்கும் ஊர் என்பதால் பிற்பாடு அதில் துளையிடும் ஊசி சேர்ந்தது. அந்த ஊர்க்காரர்கள் பாரிஸ் போய் ஹோட்டல், காபிக்கடைகளில் வேலை பார்க்கத் தொடங்கிய காலத்தில் ஒயின் பாட்டிலின் தக்கையைத் திறக்கும் திருகும் சேர்ந்தது. ஊர் என்ன வேலை செய்ததோ, அதையெல்லாம் கத்தி தன்மேல் எழுதிக்கொண்டது. ஒரு எச்சரிக்கை: ‘லயோல்’ என்று பொறித்த கத்தியெல்லாம் அந்தக் கிராமத்தில் செய்தவை அல்ல. பிரான்ஸின் தியேர் நகரிலும் ஏராளமாகச் செய்கிறார்கள். வெளிநாட்டு மலிவு நகல்களும் அதே பெயரில் விற்கின்றன.

ஜப்பானுக்கு வந்தால், ஹ்யோகோ மாநிலத்தின் மிகி நகரம். இங்கே 1890-களில் உருவானது ‘ஹிகோனோகாமி’. பித்தளைத் தகட்டை மடித்து ஒரு பிடி, அதற்குள் ஒரு அலகு. ஸ்பிரிங்கும் இல்லை, பூட்டும் இல்லை. அலகின் பின்னால் நீண்டிருக்கும் சின்ன நெம்பை கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தபடி வேலை செய்ய வேண்டும். விலை மலிவு. அதனால், ஒருகாலத்தில் ஜப்பானியப் பள்ளிப் பிள்ளைகளின் பென்சில் டப்பாவில் சர்வசாதாரணமாக இருந்தது. பென்சில் சீவவும், மூங்கிலைச் செதுக்கிப் பொம்மை செய்யவும் அதுதான் கருவி.

தினமும் வைத்திருப்பதில் என்ன சுகம்?

முதல் காரணம் ரொம்பச் சாதாரணமானது: அது பயன்படுகிறது. நாளில் நாலைந்து முறையாவது ஏதோ ஒன்றை வெட்டவோ கிழிக்கவோ வேண்டியிருக்கிறது. பால் பாக்கெட், பார்சல் டேப், புதுச் சட்டையின் டேக், ஒரு கொய்யாப்பழம். பல்லாலும் சாவியாலும் போராடாமல் சுத்தமாக வெட்டுவதில் ஒரு சின்னத் திருப்தி இருக்கிறது.

இரண்டாவது காரணம், கத்தி மாறிக்கொண்டே இருப்பது. பாரம்பரியக் கத்திகள் பலவும் எவர்சில்வர் வருவதற்கு முந்தைய கார்பன் எஃகில் செய்யப்படுபவை. இரும்பு அரிவாள்மனையில் வாழைப்பூ நறுக்கும் வீடுகளில் இது தெரிந்த கதை. அலகு கறுத்துப்போகும். அதேபோல ஆப்பிள், எலுமிச்சை, மாங்காய் என்று வெட்ட வெட்ட இந்த அலகிலும் சாம்பலும் நீலமுமாகக் கறை படரும். வாங்கிய அன்று ஒரேமாதிரி இருந்த இரண்டு கத்திகள், ஒரு வருடம் கழித்து ஒன்றுபோல இருக்காது. புது போனில் ஒரு கீறல் விழுந்தால் மனசு பதறும். இங்கே கறைதான் அழகு. அந்தக் கறைப் படலம் செந்துரு ஏறுவதையும் ஓரளவு தடுக்கும்.

மூன்றாவது, சாணை பிடிப்பது. கல்லை நனைத்து, அலகை ஒரே கோணத்தில் சாய்த்து, பொறுமையாக இழுக்க வேண்டும். அவசரப்பட்டால் கோணம் தப்பிவிடும். பத்து நிமிடம் போனைத் தொடாமல் இரண்டு கையும் ஒரே வேலையில் இருப்பது இந்தக் காலத்தில் லேசுப்பட்ட விஷயமல்ல.

சேகரிப்பவர்கள் எதைப் பார்க்கிறார்கள்?

ஸ்லிப்ஜாயின்ட் பிரியர்கள் ஒரு கத்தியைக் கையில் வாங்கியதும் திறந்து மூடிப் பார்ப்பார்கள். அலகு எவ்வளவு வழவழப்பாக நகர்கிறது என்பது ‘நடை’. கடைசியில் ‘டக்’ என்று உட்காரும் சத்தம் ‘பேச்சு’. நடையும் பேச்சும் சரியாக இருந்தால்தான் நல்ல கத்தி.

அடுத்து, அலகின் அடியில் இருக்கும் முத்திரை. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் இயங்கும் கேஸ் நிறுவனம் 1970-ல் தன் முத்திரையில் 10 புள்ளிகள் வைத்தது. அதன்பின் ஆண்டுக்கு ஒரு புள்ளியைக் குறைத்துக்கொண்டே வந்தது. புள்ளிகளை எண்ணினால் எந்த வருடக் கத்தி என்று சொல்லிவிடலாம். அவர்களின் மாடல் எண்ணும் ஒரு குறியீடுதான். 6318 என்றால், 6 என்பது எலும்புப் பிடி, 3 என்பது மூன்று அலகுகள், 18 என்பது வடிவத்தின் எண். தாத்தாவின் மேஜை டிராயரில் கிடக்கும் கத்திக்கு வயது கண்டுபிடிப்பது அமெரிக்காவில் பலருக்கு இந்தப் பொழுதுபோக்கின் முதல் படி.

பிடியில் இந்தியாவுக்கும் ஒரு பங்கு உண்டு. ஷெஃபீல்டிலும் ஜெர்மனியின் சோலிங்கனிலும் உயர்ரகக் கத்திகளுக்கு விரும்பிப் போடப்பட்டது நம் காடுகளின் கடமான் கொம்பு. மிளா என்றும் சொல்வோமே, அதேதான். கடமான் கொம்பை உதிர்த்துவிட்டு மறுபடி வளர்த்துக்கொள்ளும். என்றாலும், வனவிலங்குகளைக் காக்க இந்தியா இந்தக் கொம்பு ஏற்றுமதிக்குத் தடை விதித்தது. அதனால், பழைய கடமான் கொம்புப் பிடிகளுக்குச் சேகரிப்பாளர்களிடம் தனி மவுசு.

கருவி எப்போது ஆயுதமாகிறது?

இதுதான் சிக்கலான இடம். 1960 அக்டோபர் 12 அன்று டோக்கியோவில் மேடையில் இருந்த சோஷலிஸ்ட் கட்சித் தலைவர் இனெஜிரோ அசானுமாவை 17 வயது இளைஞன் ஒருவன் குத்திக் கொன்றான். அவன் பயன்படுத்தியது குறுவாள். பாக்கெட் கத்தி அல்ல. ஆனால், அதன்பின் பிள்ளைகளிடம் கத்தி கூடாது என்ற இயக்கம் நாடெங்கும் வலுத்தது. பென்சில் டப்பாவிலிருந்து ஹிகோனோகாமி மறைந்தது. ஷார்ப்னர் அந்த இடத்தைப் பிடித்தது. ஒருகாலத்தில் மிகியில் பலர் செய்துவந்த கத்தியை, அந்தப் பெயரைப் பயன்படுத்தும் உரிமையோடு இன்று செய்வது நகாவோ கனேகோமா என்ற ஒரே ஒரு பட்டறைதான்.

பிரிட்டனில் கத்திக் குத்து உண்மையிலேயே பெரிய சமூகப் பிரச்சினை. அங்கே 1988-ம் ஆண்டுச் சட்டப்படி, 3 அங்குலத்துக்கு மிகாத அலகுள்ள மடக்குக் கத்தியை மட்டுமே காரணம் சொல்லாமல் பொது இடத்தில் வைத்திருக்கலாம். திறந்த நிலையில் பூட்டிக்கொள்ளும் கத்தி இந்தச் சலுகையில் சேராது என்பது நீதிமன்றத் தீர்ப்பு. இதனால் ஒரு வேடிக்கையான நிலைமை. விரல் வெட்டுப்படாமல் காக்க ஒப்பினெல் சேர்த்த அதே வளையம், பிரிட்டனில் அதைச் சட்டச் சிக்கலுக்குள் கொண்டுபோய் நிறுத்துகிறது. பூட்டில்லாத பழைய ஸ்லிப்ஜாயின்ட் தப்பித்துக்கொள்கிறது.

சுவிட்சர்லாந்தின் விக்டோரினாக்ஸ் நிறுவனத்துக்கும் அடி விழுந்தது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு விமானத்தில் கத்தி கொண்டுபோகத் தடை வந்ததும் விமான நிலையக் கடைகளில் விற்பனை சரிந்தது. பல நாடுகளில் விதிகள் கடுமையாகும் நிலையில், அலகே இல்லாத பாக்கெட் கருவி ஒன்றை உருவாக்கிவருவதாக 2024-ல் அந்த நிறுவனம் சொன்னது.

இந்தியாவில் இதற்கு நேரெதிர் உதாரணம் உத்தரப் பிரதேசத்தின் ராம்பூர். அந்த ஊரின் மடக்குக் கத்தி இந்தி சினிமா வில்லன்களால் நாடெங்கும் பிரபலமானது. அந்தப் புகழே அதற்கு ஆயுதம் என்ற முத்திரையையும் குத்தியது. கட்டுப்பாடுகள் வந்தன, பட்டறைகள் நலிந்தன. 2023-ல் ராம்பூரில் 6 மீட்டர் உயரக் கத்தி ஒன்றைச் சாலைச் சந்திப்பில் நிறுவினார்கள். தொழில் சுருங்கிய பிறகு வந்த சிலை அது.

இந்தியாவில் வைத்திருக்கலாமா?

நம் ஆயுத விதிகளின் பட்டியலில் வருவது 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ கொண்ட அலகுள்ள கத்திகள். வீடு, விவசாயம், தொழில் பயன்பாட்டுக்குச் செய்யப்பட்டவைக்கு அதில் விலக்கு உண்டு. ஆனால், அரசு அறிவிக்கை மூலம் குறிப்பிட்ட பகுதிகளில் கூடுதல் கட்டுப்பாடு கொண்டுவரச் சட்டம் இடம் தருகிறது. விமானத்தில் கைப்பையில் கொண்டுபோக முடியாது; செக்-இன் பெட்டியில்தான் வைக்க வேண்டும். மெட்ரோ, நீதிமன்றம், மால், பொதுக்கூட்டம் போன்ற சோதனை உள்ள இடங்களுக்குப் போகும் நாளில் வீட்டிலேயே விட்டுவிடுவது உத்தமம். தற்காப்புக்கு என்று நினைத்து வாங்கவே வேண்டாம். இது அதற்கான பொருளே அல்ல.

முதல் கத்தி வாங்குபவர்கள் கவனிக்க

* 7 முதல் 8 செ.மீ. அலகு அன்றாட வேலைக்குத் தாராளம்.
* பராமரிக்கச் சோம்பல் என்றால் எவர்சில்வர் அலகு. கறை ஏறுவதை ரசிக்க வேண்டும் என்றால் கார்பன் எஃகு. சென்னை மாதிரி உப்புக்காற்று வீசும் ஊரில் கார்பன் எஃகுக்குக் கூடுதல் கவனிப்பு தேவை.
* பயன்படுத்தியதும் துடைத்து உலரவிடுங்கள். மூட்டில் ஒரு சொட்டு மினரல் ஆயில் போதும். சமையல் எண்ணெய் நாளடைவில் பிசுபிசுத்துவிடும்.
* மரப்பிடிக் கத்தியைத் தண்ணீரில் ஊறவைக்காதீர்கள். மரம் உப்பி, அலகு வெளியே வராது. அப்படி மாட்டிக்கொண்டால், வளையத்தைத் திறந்த நிலையில் வைத்து, பிடியின் பின்முனையை மேஜையில் தட்டுவார்கள். அலகின் நுனி எட்டிப்பார்க்கும். இதற்கு ‘சவோய்க்காரன் தட்டு’ என்றே பிரெஞ்சில் பெயர்.
* பரிசாகக் கொடுத்தால், வாங்குபவரிடமிருந்து ஒரு நாணயம் வாங்கிக்கொள்வது ஐரோப்பிய வழக்கம். சும்மா கொடுத்தால் கத்தி நட்பை வெட்டிவிடுமாம். கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்று கீழே வைத்து எடுக்கச் சொல்லும் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது.

ஜப்பானில் ஹிகோனோகாமி முழுசாக மறைந்துவிடவில்லை. நாகானோ மாநிலத்தின் இகேதா என்ற சிற்றூரில் ஒரு தொடக்கப் பள்ளி, 1980-களிலிருந்து முதல் வகுப்புப் பிள்ளைகளின் கையில் அதைக் கொடுத்துப் பென்சில் சீவக் கற்றுக்கொடுத்து வந்திருக்கிறது. எந்தப் பக்கம் கூர், எந்தப் பக்கம் விரல், அடுத்தவரிடம் எப்படி நீட்டுவது என்பதெல்லாம் ஆறு, ஏழு வயதில் பாடமாகிறது. கூரான ஒரு பொருளைப் பொறுப்போடு கையாளப் பழகிய கைகள் இருக்கும்வரைதான் பாக்கெட் கத்தி ஒரு கருவியாகவே இருக்கும்.